கேசட்டில் ஒரு மூச்சு

ஞாயிறு பூசை முடிந்து லூர்தம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்துச் சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலம் மேசைமேல் தனியாகக் கிடந்தது. கடிகாரத்தை நிறுத்தியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. நிறுத்தியிருந்த விதம்தான் உறுத்தியது. கொக்கியிலிருந்து கழற்ற ஒரு நொடி போதும். அவள் கணவர் சவியே அதைப் பிய்த்து எடுத்திருந்தார். கொக்கியும் கூடவே வந்திருந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பென்ஷனோடு சொந்த ஊரான தலத்தெருவுக்குத் திரும்பிய மனிதர் அவர். அதிர்ந்து பேசமாட்டார். சட்டை பொத்தான் அறுந்தாலும் தானே உட்கார்ந்து தைப்பார். அவர்களுடைய ஒரே மகள் ஷர்லோத் பிரெஞ்சு தேசத்தில், துலூசில் அத்தை வீட்டில் இருந்தாள். அவளுக்கு மே மாதம் கல்யாணம். லூர்தம்மாளுக்கு மூச்சிழுப்பு அதிகம், விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் இருவரும் போகவில்லை. நீங்க மட்டுமாவது போய்ட்டு வாங்க என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். உன்னைத் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பாட்டு. மகளுக்காக அவரே கட்டிய மெட்டை கிட்டாரில் வாசித்து, கேசட்டில் பதிந்து, ஊருக்கு வந்திருந்த நண்பர் மொரீஸ் திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும். கோவிலில் பெண் நடந்து வரும்போது அதைப் போடுவார்கள்.

ஆனால் பதிவு சுத்தமாக வரவில்லை. வாசிப்புக்கு அடியில் வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. மின்விசிறியை நிறுத்தினார், குறைந்தது. ட்யூப்லைட்டை அணைத்தார், இன்னும் குறைந்தது. ஃப்ரிட்ஜின் வயரைப் பிடுங்கியதில் இரண்டு நாள் பால் திரிந்தது. கிறீச்சிட்ட நாற்காலிக்குப் பதில் அரிசி டின்மேல் உட்கார்ந்தார். ஜன்னல்களுக்குக் கம்பளி அடித்தார். சித்திரை வெயிலில் அந்த அடைத்த கூடத்தில் வேர்வையும் பழைய கம்பளியும் சேர்ந்து ஈரநாய் வாசம் வீசியது.

கடைசியில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் காஜா மைதீனைக் கூப்பிட்டார். அவர் வந்து எர்த் வயரைச் சரிசெய்து, கரண்ட்டே வேண்டாம், பேட்டரியில் ஓட்டுங்கள் என்று பழக்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு காலை பதிந்ததில் இரைச்சல் ஒரேயடியாகப் போய்விட்டது. அது போன பிறகுதான் அதன் அடியில் இருந்தது கேட்டது.

அன்று மாலை மறுபடி வந்த காஜா மைதீன் ஹெட்ஃபோனை மாட்டிக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு சூடு பட்டவர்போல அதைக் கழற்றி வைத்தார்.

"மெஷின்ல கோளாறு இல்லீங்க. யாரோ மைக்குல மொகத்த வச்சு மூச்சு விடுறாங்க."

சவியே திரும்பி லூர்தம்மாளைப் பார்த்தார். அந்தப் பதிவின்போது தான் பூசையில் இருந்ததை அவள் எடுத்துச் சொன்னாள். அவர் பார்வையை எடுக்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு கைருன்னிஸா தன் சேவலைத் தேடிக்கொண்டு வந்தாள். மதில் ஓரத்தில் அது கிடந்தது. தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். கீரி வேலையாக இருக்கும் என்று கைருன்னிஸா சொல்லிக்கொண்டாள். கீரி கடித்தால் சதை பிய்ந்திருக்கும், இது திருகியது என்று லூர்தம்மாளுக்குத் தெரிந்தது. சவியே கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார்.

அடுத்து பிஜூ. மகள் ஊரிலிருந்தபோது வளர்த்த நாய். கொல்லையில் ஒரு குரைப்பு எழுந்து பாதியில் அறுந்தது. பிறகு கட்டையால் ஈரத்துணியை அடிப்பதுபோன்ற சத்தம். நாய் ஓய்ந்த பிறகும் அடி ஓயவில்லை. அவள் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்தவரின் முழங்கைவரை சிவப்பாக இருந்தது. முகத்தில் கோபமே இல்லை. ரொம்பக் களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"சிலான்ஸ்," என்றார். சத்தம் கூடாது என்று சின்ன வயதில் ஷர்லோத் அழும்போது பிரெஞ்சில் சொல்கிற அதே குரல்.

அன்று மதியமே வெளியேறிவிட அவள் துணிந்தாள். வாசல் கதவு பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அவளைக் கூடத்தில் உட்கார வைத்து ஹெட்ஃபோனைக் காதில் மாட்டினார். முதலில் கிட்டார். மகளுக்கான மெட்டு, அழகாக, மெதுவாக. அதற்கு அடியில் அந்த மூச்சு. அவளுடைய இழுப்பு மாதிரி அது விசில் அடிக்கவில்லை. ஈரமாக இருந்தது. உள்ளே இழுக்கும்போது எதையோ உறிஞ்சியது. பாட்டு முடிவை நெருங்க நெருங்க மூச்சு வேகம் பிடித்தது, தூரத்திலிருந்து ஓடி வருகிறவனுடையதைப்போல.

"இது நான் இல்லீங்க," என்றாள்.

"நீ வெளியில போனாலும் உன் மூச்ச இங்கயே விட்டுட்டுப் போற."

தலையணை அவள் முகத்தில் இறங்கியது. பஞ்சு. இருட்டு. அவர் முழு எடையும் மேலே. நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்தது. கை தரையில் துழாவியது. மேசையிலிருந்து உருண்டு விழுந்த பெண்டுலம் அகப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். எலும்பில் பட்ட சத்தம். இன்னொரு முறை வீசினாள். எடை விலகியது. தவழ்ந்து, எழுந்து, படுக்கையறைக்குள் விழுந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கைருன்னிஸாவைக் கூப்பிட முயன்றாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

கதவுக்கு அப்பால் சவியே அழுதுகொண்டிருந்தார்.

"லூர்து. நான் இல்ல லூர்து. அது கேக்குது... என் மூச்சயும் நிறுத்தணுமாம்."

கதவைத் திறந்துவிடத்தான் அவளுக்குத் தோன்றியது. கை தாழ்ப்பாள்வரை போனது. நின்றது.

ஒரு தந்தி அறுபடும் சத்தம். டின் உருண்டது. குதிகால்கள் தரையில் உதைத்தன. வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு இல்லை.

அவள் காதைக் கதவில் வைத்தாள்.

ஒன்றுமில்லை.

வெயில் இறங்கி அறை சாம்பல் நிறமானது.

அப்போது கிட்டார் ஒலித்தது. மகளுடைய மெட்டு. தடுமாற்றமில்லை, கிறீச்சிடலில்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. உயிரோடுதான் இருக்கிறார். மாதாவே, உயிரோடுதான் இருக்கிறார். தாழ்ப்பாளை இழுத்தாள்.

சவியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கிட்டாரின் தடித்த தந்தி அவர் கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. முகம் கறுத்திருந்தது. நாக்கு பற்களுக்கு இடையில். கண்கள் அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. நெஞ்சு அசையவில்லை.

விரல்கள் அசைந்தன.

மிச்சமிருந்த ஐந்து தந்திகள்மேல், நிதானமாக, ஒவ்வொன்றாக. நகக்கண்களில் ரத்தம் உறைந்திருந்தது. டேப் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கேசட் சுற்றியது.

லூர்தம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மைக்கின்மேல் அவர் தன் கைக்குட்டையைச் சுற்றியிருந்தார். அதன் எதிரில் யாருமில்லை. துணி உள்ளே அமுங்கியது. நடுவில் ஈரம் படர்ந்தது. மெல்ல வெளியே உப்பியது.

அமுங்கியது.

உப்பியது.

பாட்டு முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. துணி வேகம் பிடித்தது.