பூஜ்ஜியம் மீட்டர் தூரம்

தங்கையின் புதுக் கடைக்கு மேப்பக்கா போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. மூன்று கோட் பெயின்ட் அடித்து, புதுக் குழல்விளக்கு மாட்டி, தையல் மெஷினைச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள் தங்கை. எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. ஆனாலும் உள்ளே கால் வைத்ததும் பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்து வந்தது. பித்தளைத் தூளும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை.

"என்னக்கா, மூக்கைச் சுளிக்கிற?"

"ஒண்ணுமில்ல. ஜன்னல் இல்லாத கடை. காத்து ஓடல."

"ஜன்னல் இருந்தா இந்த வாடகைக்குக் குடுப்பாங்களா? ரெண்டு வருஷமா பூட்டிக் கிடந்துச்சாம். ஓனர் சாவியைக் கையில திணிச்சிட்டு ஓடாத குறை."

ஏன் அந்த அவசரம் என்று இருவருக்குமே தெரியும். முன்பு இங்கே சாவி செய்கிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். ஒருநாள் கடைக்குள்ளேயே இறந்துபோனார். தங்கை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "யாருமே சாகாத இடமா பார்த்துக் கடை போடணும்னா நிலாவுலதான் போடணும்" என்று சிரித்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மீதிப் பாதி மேப்பக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

மேப்பக்காவின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் தையல் கடை எங்கே என்று யாராவது ஃபோனில் தேடினால் வரைபடத்தில் சிவப்பு சிவப்பாக ஊசிகள் முளைக்கும் அல்லவா, அந்த ஊசிகளைக் கட்டி மேய்ப்பவள் அவள். கடையின் பெயர், முகவரி, எண், திறக்கும் நேரம், போட்டோ எல்லாம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எழுதும் விமர்சனத்துக்குக் கடைக்காரர் பெயரில் பதில் போட வேண்டும். தேடுகிறவர் கண்ணில் முதலில் படும்படி கடையை மேலே தூக்கி வைக்க வேண்டும். நாற்பது கடைகளுக்கு இதைச் செய்தாள், வீட்டுச் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்காமலே. பாதிக் கடைகளை நேரில் பார்த்தது கூடக் கிடையாது. மேப்பக்கா என்பது இந்த மேப் வேலையால் கடைக்காரர்கள் வைத்த பெயர்.

போட்டோ எடுக்க ஃபோனைத் தூக்கியவள் சும்மா ஒருமுறை வரைபடத்தையும் திறந்து பார்த்தாள். அவள் நிற்கும் இடத்தின் மேலேயே பழைய ஊசி நின்றது. சாவிக் கடை. 0 மீட்டர் தூரத்தில். இப்போது திறந்திருக்கிறது.

"என்னக்கா அது?"

"பழசு. நான் பார்த்துக்கறேன், நீ விடு."

புதுக் கடைக்குப் புது ஊசி குத்துவதுதான் முறை. ஆனால் புது ஊசிக்கு ஒரு நட்சத்திரம்கூட இருக்காது, முப்பது தையல் கடைகளுக்கு அடியில் போய்க் கிடக்கும். தங்கையோ புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடும் இந்த மெஷினோடும் வெளியே வந்தவள். மூன்று மாதத்தில் கடை காலூன்றாவிட்டால் அந்த வீட்டு வாசலிலேயே போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். அங்கே அடி வாங்கி அவள் முதுகில் விழுந்த தழும்பை மேப்பக்கா ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் எது முறை, எது முறையில்லை என்று யோசிக்க அவளுக்கு மனமில்லை.

வரைபடத்தில் சாவிக்காரருக்கு இருந்த பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்கள் இருந்தன. ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். அந்தப் பக்கத்தை நடத்தி வந்ததும் மேப்பக்காதான், அதனால் அதன் சாவி இன்னும் அவள் கையில் இருந்தது. பெயரை மாற்றினாள். எண்ணை மாற்றினாள். சாவி, பூட்டு என்று இருந்ததை எடுத்துவிட்டுத் தையல் என்று போட்டாள். பழைய போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். நட்சத்திரங்களை மட்டும் தொடவில்லை. செத்தவர் சட்டையைத் துவைத்துத் தங்கைக்குப் போட்டுவிட்ட மாதிரி மனசு ஒரு கணம் கூசியது. அப்புறம் காபி குடித்துவிட்டு அடுத்த கடையின் வேலையைப் பார்த்தாள்.

பலன் கைமேல் கிடைத்தது. ஒரே வாரத்தில் தேடலில் முதல் ஊசி தங்கையுடையது.

"அக்கா, இன்னிக்குப் பதினோரு பேரு வந்தாங்க! ஒரு அம்மா அஞ்சு பேன்ட்டைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போறாங்க. என்னக்கா மாயம் பண்ண?"

"எல்லாம் உன் கைராசி" என்றாள் மேப்பக்கா. பல வருடம் கழித்துத் தங்கை சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதலில் பிசகியது நேரம்தான்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை தங்கை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடுவாள், கொஞ்சம் கண்ணசருவாள். அந்த இரண்டு மணி நேரத்தை 'மூடியிருக்கும்' என்று மேப்பக்கா போட்டு வைத்தாள். மறுநாள் பார்த்தால் 'திறந்திருக்கும்' என்று இருந்தது. யாராவது வாடிக்கையாளர் திருத்தியிருப்பார் என்று மாற்றினாள். அடுத்த நாளும் அதே கதை. நான்காவது முறை, யார் திருத்தியது என்று தேடிப் பார்த்தாள்.

உரிமையாளர் என்று இருந்தது.

சாவிக்காரர் மதியத்தில் கடையை மூட மாட்டார், வெயிலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பதோடு சரி. "சாவியத் தொலைச்சவன் என் சாப்பாட்டு நேரம் பார்த்தாம்மா தொலைப்பான்?" என்பார். மேப்பக்கா அவரை நேரில் பார்த்தது ஒரே தடவை. நட்சத்திரங்களைக் காட்டி அவள் ஏதேதோ விளக்க, அவர் காதில் வாங்காமல் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அதெல்லாம் புரியாதும்மா. கதவுக்கு வெளிய நிக்கிறவனுக்கு, நான் எவ்வளவு கிட்ட இருக்கேன்னு காட்டு. அது போதும்."

அந்த வாரமே ஒரு விமர்சனம் வந்தது. ஐந்து நட்சத்திரம். 'மதியம் ஒன்றரைக்குப் போனேன். கடைக்காரப் பெண் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவர்தான் பொறுமையாகச் செய்து கொடுத்தார்.'

தங்கை ஃபோன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது.

"எந்தப் பெரியவருக்கா?"

"கடை மாத்தி எழுதியிருப்பாங்க."

"இருக்கும்..." என்று இழுத்தாள் தங்கை. "அக்கா, மெஷினுக்கு அடியில தினமும் ஒரு மஞ்சத் தூள் கிடக்கு. பெருக்கிப் பெருக்கிப் பார்க்கறேன், போக மாட்டேங்குது."

"பழைய கடைத் தூசிதான். ஈரத்துணி போட்டுத் துடை" என்றாள் மேப்பக்கா.

மறுநாள் கடையின் வரைபடப் பக்கத்தில் ஒரு புதுப் போட்டோ இருந்தது. உரிமையாளர் சேர்த்தது. மங்கலான படம். தரையோடு தரையாக ஃபோனை வைத்து எடுத்தது போல இருந்தது. இருட்டான தரை, தூரத்தில் பாதி இறங்கிய ஷட்டர், அதற்கு அடியில் ஒரு பட்டை வெயில். அந்த வெயிலில் யாரோ ஒருவரின் இரண்டு கால்கள், முழங்கால் வரைக்கும்.

வெளியே நிற்கிற கால்கள்.

அழித்தாள். அடுத்த நாள் வேறு கால்கள் வந்தன. அதற்கடுத்த நாளும் வந்தன. மூன்று படத்திலும் கோணம் ஒன்றே. எழுந்திருக்க முடியாமல் படுத்துக் கிடப்பவர் பார்க்கிற கோணம்.

இப்போது மீதிப் பாதிக் கதை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஒன்று நாற்பதுக்கு, சாவிக்காரரின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் வந்தது. 'ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது. கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. மோசமான சேவை.' எழுதியவர் குனிந்து ஷட்டருக்கு அடியில் பார்க்கவில்லை. மேப்பக்காவும் சாவிக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டுப் பார்க்கவில்லை. குறை சொல்லி எழுதுகிறவர்களுக்கென்று அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது, நாற்பது கடைக்கும் அதே பதில். அதை எடுத்து ஒட்டினாள். 'சிரமத்துக்கு மன்னிக்கவும். உங்களுக்காக நாங்கள் எப்போதும் இங்கேயே இருக்கிறோம்.' நான்கே நிமிடத்தில் பதில் போட்டதில் அவளுக்குப் பெருமை வேறு.

மூன்றாம் நாள்தான் ஷட்டரைத் தூக்கினார்கள். மாரடைப்பு. விழுந்த அன்று சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கடை ஓனர் ஃபோனில் சொன்னபோது மேப்பக்கா 'உச்' கொட்டினாள். வைத்த பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் முடிந்திருக்கும். அழுத்த வேண்டுமென்றால் பக்கத்தைத் திறக்க வேண்டும், அந்த விமர்சனத்தையும் தன் பதிலையும் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் அவள் திறக்கவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம். மேஜையில் ஒரு கடையின் முகவரியைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. தங்கையின் கடைக்குப் புது விமர்சனம். ஒற்றை நட்சத்திரம்.

'ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது. கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. மோசமான சேவை.'

ஒரு எழுத்து மாறவில்லை.

மணி ஒன்று நாற்பது.

பழைய விமர்சனம் ஏதோ கோளாறில் திரும்பி வந்திருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பழகிய விரல் பழகிய வேலையைச் செய்தது. பதில் கட்டத்தில் அந்த வரி வந்து ஒட்டிக்கொண்டது. உங்களுக்காக நாங்கள் எப்போதும் இங்கேயே இருக்கிறோம். அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் போய் நின்றது.

நின்றது.

பித்தளை வாசனை அடித்தது. தன் வீட்டில், தன் மேஜையில்.

தங்கையின் எண்ணுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. விடாமல் ஃபோன் அடித்துக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். ஆறு தெரு. வெயிலில் கால் பொசுங்கியது அவளுக்குத் தெரியவே இல்லை.

கடை வாசலில் யாருமில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஃபோன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. இரும்பை இரும்பு தேய்க்கிற மாதிரி, மெதுவாக, விட்டு விட்டு.

"அடியே!" என்று கத்திக்கொண்டே ஷட்டரைத் தூக்கினாள்.

சத்தம் நின்றது.

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் தங்கை தரையில் கிடந்தாள். இஸ்திரிப் பெட்டியின் வயர் தோல் உரிந்து அவள் கையருகே கிடந்தது. மேப்பக்கா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாய்ந்து அவள் தலையை மடியில் எடுத்தாள். மூச்சு இருந்தது. உதடு நீலமாக இருந்தது, ஆனால் மூச்சு இருந்தது. அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் காலையில்தான் தங்கை வாய் திறந்தாள். மேப்பக்கா அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

"கை கால் அசைக்க முடியலக்கா. சத்தம் வரல. ஆனா நான் தனியா இல்ல."

"யாரும்மா இருந்தது?"

"பக்கத்துல ஒருத்தர் படுத்திருந்தாரு. வாசலையே பார்த்துக்கிட்டு... நான் விழறதுக்கு முன்னாடியே அங்கதான் படுத்திருந்தாரு."

மேப்பக்காவுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நட்சத்திரங்களைத் திருடியதிலிருந்து அந்த நான்கு நிமிடம் வரைக்கும். தங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அவருக்கு முதல்ல அதை மூடிக் குடுத்துடுக்கா" என்றாள். "நான் ஒண்ணுமில்லாததுலேர்ந்தே ஆரம்பிச்சுக்கறேன்."

இரண்டு நாள் கழித்துத் தங்கையை வீட்டுக்குக் கூட்டிவந்து உள்ளறையில் படுக்க வைத்தாள். மதியச் சாப்பாடு முடிந்து அவள் தூங்கியதும் மேஜையில் உட்கார்ந்தாள். பழைய பெயரைத் திருப்பிப் போட்டாள். சாவிக் கடை. நிரந்தரமாக மூடப்பட்டது. அழுத்தினாள். அப்புறம் தன் சொந்தப் பெயரில், எல்லோரும் பார்க்கும்படி, அவருக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினாள். 'அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டது எனக்கு எழுத்தாக வந்தது. நான் வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.'

பாரம் இறங்கியது போல இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, வீட்டுக்குள்ளும் போட்டிருந்த செருப்பைக் கழற்றி, கொப்புளம் வைத்த பாதத்தைத் தரையின் குளிர்ச்சியில் ஊன்றினாள்.

ஃபோன் அதிர்ந்தது.

உரிமையாளர் பதில்: 'உங்களுக்காக நாங்கள் எப்போதும் இங்கேயே இருக்கிறோம்.'

வரைபடத்தைத் திறந்தாள். கடைத்தெருவில் பழைய ஊசி இல்லை. அது இருந்த இடம் காலியாக இருந்தது. ஒரு நொடி நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகுதான் ஆறு தெரு தள்ளி ஒரு சிவப்பு ஊசியைப் பார்த்தாள். அவள் வீட்டின் மேல் குத்தியிருந்தது.

சாவிக் கடை. 0 மீட்டர் தூரத்தில். இப்போது திறந்திருக்கிறது.

மணி ஒன்று நாற்பது.

உரிமையாளர் புதிதாக ஒரு படம் சேர்த்திருந்தார். மங்கலான படம்தான். தரையோடு தரையாக எடுத்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேஜையின் மரக் கால்கள், அவற்றுக்கு நடுவில் கழற்றிப் போட்ட ஒரு ஜோடி செருப்பு, அதன் பக்கத்தில் கொப்புளம் வைத்த இரண்டு பாதங்கள்.