சும்மா உட்கார்ந்திருப்பவள்

ஆளில்லாத அறையின் படத்தில் குழாய் திறந்திருந்தது.

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். கேமராவை அசையாமல் நிறுத்தி, முதலில் வெறும் அறையை ஒரு படம் எடுக்க வேண்டும்; அதன்மேல்தான் மற்றப் படங்களை அடுக்க வேண்டும். பிடிக்காத உருவத்தை அழித்தால் அடியிலிருக்கும் வெறும் அறை தெரியும். புகைப்பட வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அந்த முதல் படத்தை வாசலுக்கு வெளியே நின்று, ரிமோட்டை அழுத்தி எடுத்தாள். குழாயை மூடிவிட்டுத்தான் போனாள். அதைத் திறந்து போட்டுவிட்டுப் போகிற ஜாதியா அவள்?

நிற்க நேரமில்லாத வாழ்க்கையைப் பற்றி ஒரு சுயபடம். சமையலறையும் கூடமும் சேர்ந்த அந்த ஒரே இடத்தில், அதே நீல உடையில் பல அவள்கள். துணி தேய்ப்பவள், தோளில் போனை இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் பதில் சொல்பவள், அடுப்பில் கிளறுபவள், பாத்திரம் கழுவுபவள். நடுவில், ஜன்னலோர நாற்காலியில், கைகளை மடியில் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. அவளுக்காகத்தான் இந்தப் படமே. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது இன்றைக்குத்தான், அதுவும் கேமரா கண்சிமிட்டி முடிகிறவரை.

காலையில் இதைச் சொன்னபோது கணவன் சிரித்தான். "ஒருத்திகிட்ட டீ வாங்கறதுக்குள்ளயே நாக்கு வறண்டுடுது. இனிமே ஆளுக்கு ஒண்ணு வருமா?"

சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வீட்டில் யாருமில்லாத பிற்பகலின் அமைதியில், அடுக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தாள். தேய்ப்பவளை மறைத்தாள், திரையில் அவள் போய்விட்டாள், ஆனால் முதுகுக்குப் பின்னால் ஈரத்துணியில் சூடு பட்ட வாசனை மெல்லக் கிளம்பி, கழுத்தைத் தொட்டு, அறை முழுக்கப் பரவியது. கிளறுபவளை மறைத்தாள். பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டியது. கழுவுபவளை மறைத்தாள்.

குழாய் ஓடியது.

திரும்பவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும்.

எழுந்தாள். திரும்பாமலே பின்னோக்கி நகர்ந்தாள். முழங்காலின் பின்புறம் ஜன்னலோர நாற்காலி இடித்தது. விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். கைகள் தாமாக மடியில் போய்ப் படிந்தன. எடுக்க முடியவில்லை. கழுத்தும் திரையை நோக்கியே நின்றது.

பள்ளிக்கூடப் பையைக் கழற்றி எறிந்தபடி மகள் ஓடி வந்தாள். "அம்மா, பசி உயிர் போகுது!"

"இருடி, உயிர் எங்கயும் போகாது. கை கழுவிட்டு வா."

அது அவளுடைய குரல். அடுப்பிலிருந்து வந்தது. களைப்பே இல்லாத குரல்.

கத்தப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. மகள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள், வழக்கம்போல.

வெயில் சாய்ந்தபோது கணவன் வந்தான். நீல உடையில் ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, மறைத்த அடுக்குகளைத் திரையில் மீண்டும் கொண்டுவந்தாள். அவன் அவள் தோள்மேல் குனிந்தான்.

"அட, நல்லா வந்திருக்கே! எல்லாரும் ஓடுறாங்க, சரி. இவ மட்டும் எதுக்கு நடுவுல சும்மா உக்காந்திருக்கா?"

"அப்பா சொல்றது கரெக்டும்மா. போர் அடிக்கிறா."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் மேஜையிலிருந்தவள்.

நாற்காலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒரு வேலையை முடிக்கப் போகிறவளின் பார்வை. கோபம்கூட இல்லை.

திரையில் அழிப்பானைத் தேர்ந்தெடுத்தாள். காலிலிருந்து தொடங்கினாள்.

வலிக்கவில்லை. பாதத்தில் ஒரு குளிர். பிறகு அந்தக் குளிரும் இல்லை.

"ஹை, இப்ப நாற்காலியோட காலு தெரியுது!" மகள் கைதட்டினாள்.

"முடிச்சிட்டு ஒரு டீ போடேன்" என்றான் அவன்.

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

மேஜையிலிருந்தவளின் கை திரையில் மேலும் கீழும் தேய்த்தது. அடுப்பருகே ஸ்பூன் கோப்பையைக் கலக்கியது. குழாய் ஓடியது. ஜன்னலோரம், மடியில் படிந்திருந்த இரண்டு கைகளுக்குக் கீழே இப்போது மடி இல்லை.