புதைத்த ஓடுகள்

முத்தையாபுரத்தில் காற்று செத்துக் கிடந்த ஒரு பிற்பகல். முருங்கை இலைகூட அசையவில்லை. ஆனாலும், ஞானையா இப்போதுதான் பெருக்கித் தள்ளிய வாசற்படியில் மறுபடியும் ஒரு கை மணல் கிடந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. ஞானையாவின் கோபம் லேசுப்பட்டதல்ல. உலைப்பானை பக்கத்தில் அவரை உட்காரவைத்தால் விறகில்லாமலே சோறு வெந்துவிடும் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்வார்கள். அவர் வீட்டுக்கு மேலே வரும்போது காகம்கூட ஒதுங்கித்தான் பறக்கும். அத்தனை கோபமும் இப்போது தங்கை இன்பமணி மேல். அப்பா இரண்டு பேருக்குமாக விட்டுப்போன வீடு. புருஷன் செத்த பிறகு ஓர் அறையில் அவள் இருந்தாள். அவளைக் கிளப்பிவிட்டால் வீடு முழுக்கத் தனக்கு. அவளோ அசைகிற வழியாக இல்லை.

அசையாததோடு மீன் வேறு வளர்த்தாள். கப்பலில் வேலைபார்க்கும் அவள் மகன் ஆப்பிரிக்காவின் ஏதோ ஏரி மீன் என்று நாலைந்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலி நத்தை ஓடுதான் வீடு. தொட்டி மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பி, ஓட்டின் வாய் மட்டும் தெரியும்படி அதைப் புதைத்துவிட்டு வாசலில் நின்று முறைக்கும். கையை விட்டால் கடிக்கும். ஊரே பைப்படியில் குடத்தோடு மல்லுக்கட்டுகிற கோடையில் அதற்கு நல்ல தண்ணீர்.

“ஏளா, மனுசனுக்கே தொண்ட நனையல. இந்தச் சனியனுக்குக் குடம் குடமா ஊத்துதியே?”

“அதுக்கு அந்த ஓட்ட விட்டா வேற போக்கிடம் இல்லண்ணே” என்றாள் இன்பமணி. “எனக்கும் அப்படித்தான்.”

இன்று காலை அவள் நாசரேத்துக்குப் பஸ் ஏறியதும் ஞானையா தொட்டியை முற்றத்தில் கவிழ்த்தார். மீன்கள் வெருண்டு ஓடுகளுக்குள் ஒடுங்கின. பெரிய ஆண்மீன் மட்டும் அவர் விரலைக் கடித்துவிட்டு, கடைசியாக உள்ளே போனது. உள்ளே உயிர் இருக்கும் ஓட்டை என்ன செய்வதென்று சங்கு எடுக்கும் கரையில் பிறந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மணலில் புதைத்துவிட வேண்டும். சதை அழுகிக் கரைந்தபின் தோண்டினால் ஓடு சுத்தமாக இருக்கும். அப்படியே புதைத்தார். இப்போது வாசற்படி மணலை மறுபடி தள்ளிவிட்டு, திரும்பி வருகிறவள் தெருவிலேயே நிற்கட்டும் என்று கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார்.

சர்ரென்று வெளியே ஏதோ அள்ளும் சத்தம். கொஞ்சம் அமைதி. பிறகு, வாய் நிறைய வைத்திருந்ததைத் துப்புவதுபோல ஒரு சத்தம். சுவரோரம் பொலபொலவென்று மணல் விழுந்தது.

“எவம்லே அது?” என்று கத்தினார். மறுபடியும் சர்ர். மறுபடியும் துப்பல். கூரை ஓட்டு இடுக்குகளில் மணல் கசிந்து கட்டிலில் ஊசிபோல் இறங்கியது. ஜன்னல் விளிம்பில் மஞ்சளாக ஒரு மணல் கோடு தெரிந்தது. அவர் பார்த்திருக்கும்போதே அது இரண்டாவது கம்பியைத் தாண்டியது. பின்கதவைத் தள்ளினார். நகரவில்லை. தோளால் முட்டினார். ஒரு மலையே சாய்ந்து நின்றாற்போல் இருந்தது.

வீடு ஒருமுறை குலுங்கியது. தரை சரிந்தது. கட்டில் தானாகச் சுவருக்கு ஓடியது.

ஜன்னல் இருண்டது.

சங்கு குவித்துவைக்கும் கிட்டங்கியின் அழுகல் நாற்றம் குப்பென்று வந்தது. எங்கிருந்து என்று மோந்து மோந்து பார்த்தார். அவர் விரல்தான். மீன் கடித்த இடம். தொட்டால் தோல் வழுக்கியது.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடினார். இல்லை.

முன்கதவில் ஏதோ மெதுவாக இடித்தது.

“இன்பமணி?” கதவில் காதை வைத்தார். “வா ளா. நீயே இருந்துக்கோ. முழு வீட்டையும் வச்சுக்கோ. என்னய மட்டும் வெளிய விடு.”

மீண்டும் இடித்தது. தாழை நீக்கினார்.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கண். பொன் வளையத்துக்கு நடுவே கிணறுபோல் கறுப்பு. முறைத்தது. இமைக்கவில்லை. அதற்கு இமையே இல்லை.

பிறகு மெல்ல விலகியது.

அந்த இடத்துக்கு வாய் வந்தது. வாய் நிறைய மணல்.