மயில்வாகனத்தின் தறி

கணினியின் ஒலியை அணைத்த பிறகும் தறிச்சத்தம் நிற்கவில்லை.

அஞ்சும் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு ஓய்ந்து, மழையும் விட்டு, கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீரோடு சேர்ந்து அந்தச் சத்தம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கே திரும்பினாலும் தறி கேட்கும், இதற்கெல்லாமா பயப்படுவது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனால் இது டக், டக், ஒரு தயக்கம், அப்புறம் டக். இடது கால் விந்துகிறவர் மிதித்தால்தான் அந்தத் தயக்கம் வரும்.

மயில்வாகனம் அண்ணன்.

நெசவாளர் நிவாரணப் பணத்தைப் போலிச் சங்கங்கள் வழியாக நாட்டின் பெரிய தலைவர் ஒருவர் விழுங்கிவிட்டார் என்று சொல்லும் ஆவணப்படத்தில், கேமரா முன் உட்கார்ந்து பேசத் துணிந்த ஒரே நெசவாளி அவர்தான். "நான் யாருன்னு மட்டும் தெரியக் கூடாதும்மா" என்றார். படத்தொகுப்பு செய்த அஞ்சும் அவர் முகத்தை மங்கலாக்கினாள், குரலை மாற்றினாள். பேச்சுக்கு அடியில் அவருடைய தறியை மட்டும் ஓடவிட்டாள். அவ்வளவு அழகாக இருந்தது. ஜரிகை வியாபாரியின் மகள் அவள்; எந்தத் தறி யாருடையது என்று தெருவே காதால் சொல்லிவிடும் என்பது தெரியாதவளா? தெரியும். பாழாய்ப்போன ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

படம் வெளியான மறுநாள் பட்டுநூல் வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. "யாரு காட்டிக் கொடுத்தாங்கன்னு தெரியலக்கா" என்று அவர் மனைவி கமலாட்சியிடம் அஞ்சும் கூசாமல் பொய் சொன்னாள். இன்று அந்தச் சத்தத்தைப் படத்திலிருந்து நீக்கிவிடத்தான் உட்கார்ந்தாள்.

நீக்கிவிட்டாள். திரையில் ஒலிக்கோடு தட்டையாகக் கிடந்தது.

டக், டக். டக்.

இப்போது இன்னும் கிட்டத்தில். ஈர மண்ணும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியும் கலந்த வாசனை, தரைக்குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் குழித்தறிக்குப் பக்கத்தில் குனிந்தால் வருமே அது, மேசையைச் சுற்றி எழுந்தது. கைபேசி அடித்தது. கமலாட்சி.

"எதனா தெரிஞ்சுதாம்மா?"

"அக்கா... உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். என்னாலதான்..."

"இரு, இரும்மா" என்று இடைமறித்தாள் கமலாட்சி. "அங்க தறி ஓடிக்கினு இருக்குது."

"இல்லக்கா. இங்க ஏது தறி?"

"அவரு மிதிமா அது. எனக்குத் தெரியாதா?" கமலாட்சியின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "உங்கூட்லதான் ஒளிச்சி வெச்சிருக்கியா? நீ நல்லா இருக்கணும்மா. சாப்டாரா? போன அவருகிட்ட குடும்மா."

அஞ்சுமுக்குத் தொடை வலித்தது. வெகுநேரம் உழைத்த வலி. பாதங்கள் சில்லிட்டிருந்தன.

குனிய வேண்டாம் என்று நினைத்தாள்.

குனிந்தாள்.

மேசைக்கு அடியில் தரை இல்லை. கறுத்த குழி. அதற்குள் அவள் கால்கள், மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. வலது. இடது, தாமதமாக.

அந்த இடது காலின் மேல், மண் அப்பிய இன்னொரு பாதம்.

"போன குடும்மா" என்றாள் கமலாட்சி.