மேலேயிருந்து கூப்பிட்ட குரல்

கோட்டைக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றி இருவரும் மாறிமாறிக் குடித்தார்கள். காலையில் லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் பொரித்த ரோல்ஸில் கடைசி ஒன்றைக் கணேசலிங்கம் இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை மனைவி பாலாம்பிகையிடம் நீட்டினார். பிறகு ஒருவருமில்லாத மலைப்பாதையைத் திரும்பிப் பார்த்து, "ஓம், என்ன?" என்றார்.

"ஆரோட கதைக்கிறியள்?"

"நீர்தானே கூப்பிட்டனீர்."

"நான் பக்கத்தில நிக்கிறன். காதுக்கு மிஷின் போடச் சொன்னால் கேட்டால்தானே."

ஊருக்குள்ளால் ஏறினார்கள். கல்வீடுகளுக்கிடையே மரப்புகையும் ஈரப்பாசியும் மணத்தன. சன்னல்களில் விளக்கு எரிந்தும், உள்ளே ஒரு கோப்பை வைக்கும் சத்தம்கூட வெளியில் வரவில்லை. தேவாலய மதிலடியில் அவர் மறுபடி நின்று, "ஓம்" என்றார். இம்முறை பாலாம்பிகைக்கும் கேட்டது. மிக மேலே, காற்றோடு.

"இஞ்சாருங்கோ."

அவளுடைய குரல். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து, புருஷன் பெயரைச் சொல்லாமல் அவள் கூப்பிடும் அதே இழுப்பு.

"திரும்பிப் போவம். எனக்கு நெஞ்சு சரியில்லை."

"அப்ப இந்த வாங்கில இரும். மகளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓடி வாறன்."

அவள் வாங்கில் உட்காரவில்லை. பின்னாலேயே போனாள். கோட்டையின் பாதி இடிந்த கோபுரத்தின் இருண்ட சுழல்படிக்குள் அவர் முதுகு மறைந்துகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ!"

மேலேயும் அதே கணம் அதே சொல்.

"வாறன், வாறன்," என்றார் அவர். மேலே பார்த்து.

பெயரைச் சொன்னால், உண்மையில் கூப்பிடுவது தான்தான் என்று அறிந்துகொள்வார். வாயைத் திறந்தாள். இத்தனை வருசம் சொல்லாத பெயர் உடனே வரவில்லை. அவர் கால் சப்பாத்துச் சத்தம் ஒரு சுற்று ஏறியது. இன்னொரு சுற்று.

"கணேசலிங்கம்."

சத்தம் நின்றது. பிறகு மேலேயிருந்த குரல், புதுச் சொல்லைப் பழகிப் பார்ப்பதுபோல், மெதுவாகச் சொன்னது.

"கணேசலிங்கம்."

அவர் வெட்கத்தோடு சிரிப்பது கேட்டது. சப்பாத்துகள் மறுபடி ஏறின.

சுவரைத் தடவித் தடவி ஓடினாள். இரண்டு சுற்றோடு படிகள் முறிந்திருந்தன. அதற்கு மேல் வெறும் வானம். காகங்கள். அவர் இல்லை.

பொலிஸ் நாய்கள் மலை முழுக்கத் தேடியும் அவர் அகப்படவில்லை.

போன கிழமையும் மகள் கம்சிகா அவளை அங்கே கூட்டிப்போனாள். முறிந்த படியில் நின்று, பாலாம்பிகை சுவரில் காதை வைத்தாள்.

சப்பாத்துச் சத்தம். ஒரே சீராக.

இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்.