வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே

மத்தியானம் மூன்று மணிக்குத் திரையில் வடக்கு முக்கால் டிகிரி தள்ளிப்போயிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவளால் விட முடியவில்லை. மிளகளவு காந்த உணரிகளை வடிவமைப்பது அவள் வேலை. பூமியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துப் படகுக்குத் திசை சொல்பவை அவை. அந்த இழுப்பு மிக மெல்லியது. ஒரு சாவிக்கொத்து பக்கத்தில் வந்தாலே உணரி ஏமாந்துவிடும். அதனால்தான் தோட்டத்து மூலையில் இந்தத் தனி அறை. மரமேசை, பித்தளைத் திருகுகள், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். தரையில் ஒரு வெள்ளைக் கோடு. இரும்பு எதுவும் அதைத் தாண்டக் கூடாது.

அண்ணனும்தான். படகோட்டியான அவனுடைய தொடையெலும்புக்குள், ஒரு விபத்துக்குப் பிறகு, முழ நீள எஃகுக் கம்பி வைத்திருந்தார்கள். அவன் வந்த நாளெல்லாம் இதே பேச்சுதான்:

"கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுண்ணா."

"பாத்தியா வாண்டு, நான் வந்தா பூமியே திரும்பிப் பாக்குது!"

நான்கு மாதத்துக்கு முன் அவளுடைய புதுக் கருவியைத் தன் கால் எட்டாத படகின் முனையில் பொருத்திக்கொண்டு போனான். பனிமூட்டம். படகு பாறைகளுக்கு இடையே உடைந்து கிடந்தது. அவன் கிடைக்கவேயில்லை.

காலையில் அண்ணி போனில் கேட்டாள்: "என்னென்னமோ பேசுறாங்கம்மா. உன் கருவில தப்பு ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லண்ணி. பனிமூட்டந்தான்."

"நீ சொன்னா சரிதான்."

அந்த நம்பிக்கைதான் உறுத்தியது. அந்தக் கருவிக்குத் திசை பழக்கிய நாளின் பதிவை அவள் இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. அதற்காகத்தான் இன்று வந்தாள்.

முதலில் இந்த முக்கால் டிகிரி. கொண்டை ஊசி, கைக்கடிகாரம், செருப்பின் கொக்கி எல்லாவற்றையும் வெளியே வைத்தாள். எண் அசையவில்லை. மேசையின் மூன்று மூலைகளில் மூன்று உணரிகளை வைத்தாள்; மூன்றும் எவ்வளவு விலகுகின்றன என்று ஒப்பிட்டால் இரும்பு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஜன்னலுக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்ய, அறைக்குள் எங்கிருந்தோ டீசலும் ஊறிய கயிறும் கலந்த வாடை மெதுவாகப் பரவிக்கொண்டிருந்தது.

கணக்கு சொன்னது: வெள்ளைக் கோட்டின் மேல். முழ நீளம். செங்குத்தாக.

திரும்பிப் பார்த்தாள். வெறும் தரை.

எண் இரண்டானது. தூரம் பாதியானால் இழுப்பு ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால் பக்கத்தில் வர வர எண் ஓடத் தொடங்கும். மூன்று. நான்கு. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபடும் சத்தம்.

பழைய பதிவைத் திறந்தாள். அன்று அவன் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்திருந்தான். ஏதோ சொன்னான், இவள் வயிறு வலிக்கச் சிரித்தாள், அந்தப் பக்கம் போ என்று சொல்ல மறந்தாள். அவன் கால் இழுத்த இழுப்பையும் சேர்த்தே இதுதான் வடக்கு என்று கருவி கற்றுக்கொண்டது. பதிவில் பிழை இருந்தது. ஆறு டிகிரி. பத்து மைல் போனால் ஒரு மைல் விலகும். பாறைகள் அவன் வழியிலிருந்து ஒரு மைல் தள்ளித்தான் இருந்தன.

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

திரையில் ஆறு.

"அண்ணா... கோட்டுக்கு அந்தப்..."

வாடை. மிக அருகில். அவள் தலையைத் திருப்பவில்லை. கணக்கை மட்டும் பார்த்தாள். மூன்று உணரிகளையும் ஒப்பிட்டால் இப்போது ஒரே விடைதான் வந்தது. அன்றைய பதிவிலிருந்த ஆறு டிகிரிக்கும் அதுவேதான் விடை.

முழ நீள எஃகு. தரைக்கு இணையாக. பக்கத்து நாற்காலியில், உட்கார்ந்திருப்பவரின் தொடை இருக்கும் உயரத்தில்.

இருக்கையின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.