தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

பகல் பன்னிரண்டரை மணிக்கு அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்ததுமே வாசலில் கிடந்த பெயின்ட் டப்பா காலில் இடறியது. யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் ஆள் இல்லை. பெயின்ட் அடிப்பவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

மாடி வைத்த பழைய வீடு. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியாக அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வயரிங்குக்காக மின்சாரத்தை நிறுத்தி இரண்டு நாளாகிறது. ஜன்னல் கண்ணாடிகளில் பெயின்ட் தெறிக்காமல் இருக்கச் செய்தித்தாள் ஒட்டியிருந்ததால், வெளியே கொளுத்திய வெயில் உள்ளே பழுப்பாக வந்து விழுந்தது. டர்பன்டைன் வாடை. ஈரச் சுண்ணாம்பு வாடை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று: நெடுநாள் பூட்டிக்கிடந்த பீரோவைத் திறந்தால் முகத்தில் மோதுமே, அந்தப் பழந்துணி வாடை.

அவள் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் பிளான் வரைபவள். முன்னறையில் இருந்த பலகை மேசையில் லேப்டாப்பை வைத்தாள். பேட்டரி எழுபத்தொரு சதவீதம். நான்கு மணிக்குள் இந்த வீட்டின் பிளானைத் தீயணைப்புத் துறையின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும்.

“மேலதான் இருக்கேன்,” என்று மாடியிலிருந்து குரல் வந்தது. கீல் அண்ணன். வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றிச் சீர்செய்து மாட்டிய தச்சர். சட்டைப் பையில் எப்போதும் எண்ணெய்ப் புட்டி இருக்கும். எந்தக் கீல் முனகினாலும் ஒரு சொட்டு விடாமல் நகரமாட்டார். அதனால் அந்தப் பெயர். “சாப்டாச்சா, டைப்பிஸ்டம்மா?”

“நீங்களுமாண்ணா?”

“ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க. நான் அதுதான் பேருன்னே நெனச்சேன்.”

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பிளானில் ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். டேக் என்பார்கள். கதவின் நம்பரும் அகலமும் அதில் தெரியும். அதை யாரும் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது. கதவைப் பற்றி மென்பொருளில் பதிந்திருக்கும் விவரத்தை டேக் தானாகப் படித்துக் காட்டும். விவரம் மாறினால் டேகும் மாறும். போன வருடம் ஒரு பள்ளிக்கூட வேலையில், டேக் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று இவள் அந்த இணைப்பை அறுத்துவிட்டுக் கையாலேயே டைப் செய்துவிட்டாள். பிறகு விவரங்கள் மாறின. இவள் டைப் செய்தது மாறவில்லை. தப்பான நம்பரைப் பார்த்து மாட்டியதில் இருபத்திரண்டு கதவுகள் பக்கம் மாறித் திறந்தன. அன்று அலுவலக முதலாளியான சார் சத்தம்கூடப் போடவில்லை. “இன்னொரு தடவை கையால டைப் பண்ணினா, வேற வேலை பாத்துக்கம்மா,” என்றார். அவ்வளவுதான்.

தீயணைப்புத் துறையின் இன்றைய படிவம் புதிதாக ஒன்று கேட்டது: ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியுமா என்று தெரிய வேண்டும் அல்லவா. மென்பொருள் தரும் டேகில் அதற்கு இடமில்லை. சொந்தமாக ஒரு டேக் செய்ய வேண்டும்.

செய்தாள். மூன்றாவது வரியைச் சேர்த்து, அதைத் தாழ்ப்பாள் விவரத்தோடு இணைத்து, பிளானில் ஏற்றினாள். பதினான்கு கதவுகளிலும் கேள்விக்குறி வந்து நின்றது. இணைப்பு சரியில்லை. மறுபடி முதலிலிருந்து. இந்த முறை எழுத்து கட்டத்தைவிட்டு வெளியே வழிந்தது. சரிசெய்தால் கட்டம் தலைகீழாகத் திரும்பியது. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு மணிக்கு ஒருவழியாக டேக் வழிக்கு வந்தது. இனி விவரம் நிரப்ப வேண்டியதுதான். போன வாரம் அவளே ஒவ்வொரு கதவாகப் பார்த்து அளந்திருந்தாள். எல்லாத் தாழ்ப்பாளும் உள்பக்கம். பட்டியலில் பதினான்கு முறை ‘உள்ளே’ என்று நிரப்பினாள்.

பதின்மூன்று டேகுகள் ‘உள்ளே’ என்றன.

பதினோராம் கதவின் டேக் ‘வெளியே’ என்றது.

பட்டியலைப் பார்த்தாள். அங்கே பதினோராம் கதவுக்கு நேராக ‘உள்ளே’ என்றுதான் இருந்தது. டேகை அழித்துவிட்டுப் புதிதாக வைத்தாள். ‘வெளியே’. கதவையே அழித்துவிட்டுப் பத்தாம் கதவை நகலெடுத்து அங்கே பொருத்தி, நம்பர் மாற்றினாள். ‘வெளியே’. மென்பொருளை மூடித் திறந்தாள். கடைசியில் அந்தச் சொல் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடச் சொன்னாள். அப்படி ஒரு சொல் இந்த ஃபைலில் இல்லை என்று பதில் வந்தது.

இல்லாத சொல் திரையில் கண்ணுக்கு நேராக இருந்தது.

ஃபோன் அடித்தது. சார்.

“ஒரு வார்த்தைய மாத்த ஒரு மணி நேரமாம்மா?”

“நான் மாத்திட்டேன் சார். அதுதான் மாற மாட்டேங்குது.”

“அது என்ன மாமியாரா, மாறமாட்டேன்னு அடம் பிடிக்க? நானும் அதே ஃபைலத்தான் இங்க தொறந்து வச்சிருக்கேன். வெளியேன்னுதான் காட்டுது. வெளிய தாழ் இருக்கிற ரூம்ல ஆள் தங்க விடமாட்டாங்க, தெரியும்ல? அந்தக் கதவ ஒழுங்காப் பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“இன்னொரு தடவ பாரு. டைப் மட்டும் பண்ணிடாத.”

வாய்க்குள் திட்டிக்கொண்டே மாடி ஏறினாள். படி முடியும் இடத்தில் ஏழாம் கதவு. அதைத் தாண்டினால் நீளமான நடை, இரு பக்கமும் அறைகள். கோடியில் பதினொன்று. நடையில் போகப் போகப் பெயின்ட் வாடை குறைந்தது. பழந்துணி வாடை கூடியது. புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டில் அது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு அதையும் எரிச்சலோடு ஒதுக்கினாள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே கீல் அண்ணன் ஜன்னலுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். கதவின் உள்பக்கம் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள். வெளிப்பக்கம் வழவழவென்று பச்சைப் பெயின்ட். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். நெஞ்சு உயரத்தில் விரல் நின்றது. பெயின்ட்டுக்கு அடியில் நான்கு சின்ன மேடுகள்.

“இது என்னண்ணா?”

“ஸ்க்ரூ இருந்த ஓட்டை. மரத்தூள் பசை வச்சு அடைச்சேன்.”

“வெளிய தாழ் இருந்துச்சா?”

“வெளிய மட்டுந்தான் இருந்துச்சு. உள்ள இருக்கிறது நான் புதுசா மாட்டினது. நீங்க அளக்க வந்ததுக்கு மொத நாள்.”

“இத ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: “நல்ல தேய்மானம். ஒருநாள் ரெண்டுநாள் போட்டுத் தெறந்த தாழ் இல்ல. வருஷக்கணக்கா யாரோ போட்டிருக்காங்க. யாருக்குன்னு நான் கேக்கல. கேட்டு என்ன ஆகப்போகுது.”

அவள் கீழே வந்து உட்கார்ந்தபோது மணி மூன்று பத்து. பேட்டரி இருபத்தொன்பது.

யார் யாரைப் பூட்டியிருந்தால் என்ன. அது அன்று. இன்று தாழ் உள்ளேதான் இருக்கிறது, கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஒரு பாழாய்ப்போன டேகுக்காக வேலையை விடுவதா? டைப் செய்தது இப்போதைக்கு யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினோராம் டேகின் இணைப்பை அறுத்தாள். ‘வெளியே’ என்பதை அழித்தாள். ‘உள்ளே’ என்று டைப் செய்தாள்.

மாடியில் இரும்பின்மேல் இரும்பு நகரும் சத்தம் கேட்டது.

அவசரமே இல்லாத சத்தம். பழகிய கை.

“அம்மா,” என்றார் கீல் அண்ணன் மேலிருந்து. “விளையாடாதீங்க. கதவத் தெறங்க.”

அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். நடைக்கோடியில் பச்சைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே தாழ் இல்லை. வழவழவென்ற பெயின்ட்தான். தள்ளினாள். அறைக்குள் திறக்கும் கதவு அது. மேல்மூலை கொஞ்சம் விலகிக் கொடுத்தது. கீழ்மூலை கொடுத்தது. நடுவில், நெஞ்சு உயரத்தில் மட்டும் அசையவில்லை.

“உள் தாழ எடுத்துட்டீங்களா அண்ணா?”

“அது தெறந்துதான் இருக்கு. வெளிய யாரு போட்டது?”

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அப்போது கதவு உள்ளிருந்து இழுபடுவது தெரிந்தது. ஒரு இழுப்பு. விட்டு, மறுபடி ஒரு இழுப்பு. பலமில்லாத, சிறிய இழுப்புகள்.

“விட்டு விட்டு இழுக்காதீங்கண்ணா. ஒரே மூச்சா இழுங்க, நான் தள்றேன்.”

பிறகு அவர் குரல், தூரத்திலிருந்து, ரகசியம் பேசுவதுபோல.

“நான் கதவுகிட்டயே இல்லம்மா. ஜன்னல்கிட்ட நிக்கிறேன்.”

அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே கதவு இன்னொரு முறை இழுபட்டது.

கையை எடுத்தாள். ஓடிவிடத்தான் கால் துடித்தது, ஓடவும் செய்தாள். ஆனால் வாசலுக்கு ஓடவில்லை, மேசைக்கு ஓடினாள். சற்று முன்புவரை அந்தக் கதவு திறந்திருந்தது. நடுவில் மாறியது ஒரே ஒரு சொல். அதை மாற்றியது அவள். கடைசியாகச் செய்ததை நீக்கும்படி மென்பொருளுக்குச் சொன்னாள். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது முறையில் இணைப்பு திரும்ப வந்தது. டேக் ‘வெளியே’ என்றது.

மேலே இரும்பு பின்னால் நகர்ந்தது.

படி வழியாகத்தான் இறங்கினாரா என்று சந்தேகப்படும் வேகத்தில் கீல் அண்ணன் வந்தார். கருவிப் பெட்டியை மேலேயே விட்டிருந்தார். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பாதி சட்டையில் போனது.

“அங்க யாரு இருக்காண்ணா?”

“நான் திரும்பிப் பாக்கல,” என்றார். “சத்தியமா திரும்பல.”

மணி மூன்று நாற்பது. ஃபோனில் தங்கையின் செய்தி வந்து கிடந்தது. தங்கைக்கு இந்த விடுதியில்தான் அடுத்த மாதத்திலிருந்து இடம் பிடித்திருந்தார்கள். ‘அக்கா, மாடில கடைசி ரூம் எனக்குக் கெடைக்குமா? உங்க சார்கிட்ட கேளேன். ஒதுக்குப்புறமா நிம்மதியா இருக்கும்ல.’

அந்தச் செய்தியை அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு பிளானை அப்படியே, ‘வெளியே’ என்ற சொல்லோடு, இணையதளத்தில் ஏற்றினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. நான்கு மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது.

சார் அழைத்தபோது அவள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“அப்படியே அனுப்பிட்டியா?”

“ஆமா சார். அந்த ரூம்ல யாரும் தங்கக் கூடாது.”

“அத நீ சொல்றியா? விடுதிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது? போதும்மா. ரெண்டாவது வாய்ப்பும் குடுத்துப் பாத்துட்டேன். நாளைக்கு ஆபீஸ் வராத.”

“சரி சார்.”

சண்டையை எதிர்பார்த்திருந்தவர் கொஞ்சம் தடுமாறினார். “போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ. டேகுல நாலாவதா ஒரு வரி எதுக்கு?”

“நாலாவது வரியா?”

“நம்பர், அகலம், தாழ், அதுக்குக் கீழ ஒரு எண்ணு. எல்லாக் கதவுலயும் பூஜ்யம். ரெண்டாம் நம்பர்ல ரெண்டு. பதினொண்ணுல ஒண்ணு. படிவத்துல இப்படி எதுவும் கேக்கவே இல்லையே.”

அவள் திரையைப் பார்த்தாள். இருந்தது. அவள் செய்யாத வரி, அவள் தேர்ந்தெடுத்த அதே எழுத்தில். இரண்டாம் நம்பர், அவர்கள் உட்கார்ந்திருந்த முன்னறையின் கதவு. அவள் மேசையில். கீல் அண்ணன் சுவரோரம்.

இரண்டு பேர்.

“மாடில வேற யாராவது வேலை செய்றாங்களா?” என்று கேட்டாள். கீல் அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

“நான் பேசிட்டிருக்கும்போதே ஏம்மா மாத்துற?” என்றார் சார். “இப்பப் பதினொண்ணு பூஜ்யமாயிடுச்சு.”

“நான் எதையும் தொடல சார்.”

“ஏழுல ஒண்ணு.”

அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். மேலே படிமுனையில் அந்த ஏழாம் கதவின் கீல் முனகவில்லை. நன்றாக எண்ணெய் விட்ட கீல். பழந்துணி வாடை மட்டும் மெதுவாக இறங்கி வந்தது.

“இப்ப ஏழும் பூஜ்யம்.”

முன்னறைக் கதவு திறந்தேதான் இருந்தது. ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாளின் ஓரம் ஒருமுறை தூக்கி அடங்கியது. கீல் அண்ணன், யாரோ கடந்துபோவதற்கு வழிவிடுவதுபோல, நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். ஏன் மடக்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“ரெண்டாம் நம்பர்ல மூணு,” என்றார் சார், அலுத்துப்போன குரலில். “அவ்வளவுதானா, இன்னும் மாத்தப் போறியா?”